அக்கா ஜெயிக்கும் வேகம்

கைப்பேசிக்கு விளையாட்டு செய்வதும் ஒரு தொழில் என்றால் அக்கம்பக்கத்தில் யார் நம்புகிறார்கள்? நாற்பது வயது ஆண்பிள்ளை பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கணினியைத் தட்டிக்கொண்டிருந்தான். மாடிவீட்டுக்காரர் அவனுக்கு ‘விளையாட்டுப் பிள்ளை’ என்றே பெயர் வைத்துவிட்டார். அதை வேலை என்று மதித்தவள் அவன் அக்கா ஒருத்திதான். “அவன் வேலையா இருக்கான், அப்புறம் வாங்க” என்று வாசலிலேயே ஆளைத் திருப்பி அனுப்புவாள்.

அக்கா தையல்காரி. அப்பா அம்மா போன பிறகு தையல் இயந்திரத்தை மிதித்து மிதித்தே அவனைப் படிக்கவைத்தவள். ஒரே அறை. ஜன்னலோரம் அவள் இயந்திரம், எதிர்ச்சுவரை ஒட்டி அவன் மேசை. இருவரும் முதுகுக்கு முதுகு காட்டியபடி பத்து வருடம் வேலை செய்தார்கள்.

அவனுக்கு யோசனை எதுவும் வானத்திலிருந்து குதிக்கவில்லை, அந்த அறைக்குள்ளிருந்தேதான் வந்தது. இழுக்கும்போதெல்லாம் சிக்கிக்கொள்ளும் மேசை இழுப்பறை ஒரு விளையாட்டாயிற்று. பொத்தான் டப்பா இன்னொன்றாயிற்று. இரண்டையும் சீந்த ஆளில்லை. மூன்றாவதுதான் ஊசி. ஓடுகிற துணியில் ஊசி இறங்கி ஏறும். மடிப்பு வரும்போது சட்டென்று திரையைத் தொட வேண்டும், தவறினால் நூல் அறுந்துவிடும். அக்காவின் இயந்திரச் சத்தத்தையே பதிவு செய்து அதில் சேர்த்தான். சில ஆயிரம் பேர் அதை விரும்பி ஆடினார்கள். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவனுடைய வேலைக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: அக்கா ஜெயிக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் விளையாட்டைப் புதுப்பிக்கும்போது எல்லாக் கட்டத்தையும் முதலில் அவள் ஆடிப் பார்ப்பாள். அவள் விரல் பட்ட இடமும் நேரமும் அவன் திரையில் சிவப்புப் புள்ளியாக விழும். மூன்று முறை தோற்றால் கட்டம் கடினம் என்று அர்த்தம். கண்ணாடி போட்ட, கைவேலை காத்துக்கிடக்கிற ஒருத்தி ஜெயித்துவிட்டால் யாரும் ஜெயிக்கலாம் என்பது அவன் நினைப்பு. “தோத்துட்டேன்டா” என்று பின்னாலிருந்து குரல் வரும். “சரிக்கா, வேகத்தைக் குறைக்கிறேன்” என்பான். திரும்பிப் பார்க்க மாட்டான், புள்ளிகள்தான் எதிரே இருக்கின்றனவே.

பதினோராம் மாதம் ஆடுகிறவர்கள் திட்டி எழுத ஆரம்பித்தார்கள். ‘முன்பெல்லாம் நன்றாக இருந்தது. இப்போது தூங்கிக்கொண்டே ஜெயிக்கலாம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பதில் எழுதுவதற்காக ஒரு பழைய கைப்பேசியில் கிடந்த முதல் பதிப்பை ஆடிப் பார்த்தான். நான்காம் கட்டத்திலேயே அவனே தோற்றான். அத்தனை வேகம்!

மாதாமாதம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறான். ஏன் என்று பார்க்க அக்காவின் புள்ளிகளை வரிசையாக எடுத்துக் கோடு போட்டான். மடிப்பு வந்ததும் தொடுவதற்கு முதல் மாதம் அவளுக்கு அரை நொடிகூட ஆகவில்லை. இப்போது ஏறக்குறைய ஒரு நொடி. கோடு ஒரு மாதம்கூட இறங்கவில்லை. பார்த்தவன் என்ன செய்தான்? தன் நிரலில் பிழை என்று நினைத்து அரை நாள் அதைத் தேடினான். விளக்கடியில் இருட்டு என்பது இதுதான். ஆடுகிற மற்றவர்களின் புள்ளிகளையும் எடுத்துப் பார்த்தான், எல்லாம் சரியாக இருந்தன. அப்போதுதான் நாற்காலியைத் திருப்பினான்.

அக்கா துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் இடது கையில் இருந்தது.

“எப்பலேர்ந்துக்கா இடது கையில வெட்டுற?”

“ஆறேழு மாசமா. வலது கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது.”

“ஏங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா உன் வேலையத் தூக்கிப் போட்டுட்டு என்னைக் கூட்டிக்கிட்டு அலைவ. உன்னை எனக்குத் தெரியாதா?” கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “அதோட, உன் விளையாட்டுல நான் வலது கையாலயே ஜெயிச்சுக்கிட்டேதானேடா இருந்தேன்? அதான் கை சரியாயிட்டு வருதுன்னு நெனச்சேன்.”

அன்றைக்கே அவளை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

நரம்பு மருத்துவர் அவளுடைய கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார். இது நடுக்குவாதம், இந்த நோயில் நடுக்கம் பிறகு வந்தாலும் வரும், முதலில் வேகம்தான் போகும் என்றார். மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம், முழுக்கப் போகாது. அவன் கோடு போட்ட தாளை நீட்டினான். அவர் நெடுநேரம் பார்த்தார்.

“இவ்வளவு துல்லியமா பதினோரு மாசம் கவனிச்சிருக்கீங்க. இன்னும் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே?”

கவனித்தான், கவனித்தான், அக்காவை மட்டும் கவனிக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அழுதான். அக்கா அவன் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள், அதுவும் இடது கையால்.

அடுத்த பதிப்பில் பழைய வேகத்தைத் திரும்ப வைத்தான். மேசையையும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டான். அக்காவுக்குத் தனியாக மெதுவான ஒன்றைச் செய்து தருவதாகச் சொன்னபோது அவள் முறைத்தாள்.

“எனக்காக அதைக் குறைச்சே, உன் கையை ஒடிச்சுருவேன். என் கை எப்படி இருக்குன்னு எனக்கு நெசமாத் தெரியணும்டா.”

மாத்திரை போட்டுக்கொண்டு ஆட உட்கார்ந்தாள். முதல் மடிப்பிலேயே நூல் அறுந்தது. இரண்டாவது முறையும் அறுந்தது. மூன்றாவது முறை நான்கு மடிப்பு தாண்டினாள்.

“தோத்துட்டேன்டா” என்றாள்.

அவன் கணினியைத் தொடவில்லை. அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாத்தேன்க்கா” என்றான். “இன்னொரு தடவை ஆடு.”