வெளி மருந்து

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கலக்கிக் கொடுத்தவரை எல்லோரும் டாக்டரய்யா என்றுதான் கூப்பிட்டோம். அவர் டாக்டர் இல்லை. அப்படிக் கூப்பிடாவிட்டால் சுகவீனத் துண்டு எழுதித் தரமாட்டார், துண்டு இல்லாமல் வேலைக்கு வராதவளை, வேலை வாங்கும் கண்டாக்கையா பிய்த்து எடுத்துவிடுவார். அதனால் டாக்டராகிவிட்டார். டயகம மலைக் குளிரில் நாங்கள் விறைத்துப்போய் வரிசையில் நிற்போம். அவர் ஜன்னலுக்குள்ளே கம்பளிச் சட்டை போட்டு உட்கார்ந்துகொண்டு எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"வெளி மருந்து ஏதும் தின்னியா?"

"இல்லீங்க ஐயா."

அந்த ஜன்னலில் இதுதான் பதில். முன்னே ஒருத்தன் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததை உள்ளபடி சொல்லித் தொலைத்தான். "அப்ப அங்கயே போய்ச் சாவு" என்று அவன் கொண்டுவந்த போத்தலைப் பிடுங்கி வெளியே எறிந்தார். அவன் பெண்சாதி பிள்ளைகளுக்கும் சேர்த்து மருந்து நின்றுபோனது. அதன்பிறகு நாங்கள் வெளி மருந்தைக் கள்ளச் சாராயம் மாதிரி ஒளித்து வைக்கப் பழகிக்கொண்டோம். கேள்வி நல்ல கேள்விதான். கேட்ட வாய்தான் நாசமாய்ப் போன வாய்.

என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் ஒரு கால் வீங்கியது. டாக்டரய்யா தைலம் கொடுத்தார். வீக்கம் தொடைக்கு ஏறவும், அக்காவின் புருஷன், எனக்கு மாமா, அவளை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூடவே நானும் போனேன். காலுக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது, அது நெஞ்சுக்கு ஏறினால் உயிர் போய்விடும் என்று சொல்லி, அங்கேயே வைத்திருந்து பார்த்தார்கள். பிறகு இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அங்கிருந்த சிங்கள நர்ஸ் தனக்குத் தெரிந்த தமிழில் அக்காவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எங்க மருந்து எடுக்கப் போனாலும் இத காட்டணும். காட்டாம வேற மருந்து குடிக்க வேணாம். பல்லுகூட கழட்ட வேணாம்."

பிள்ளை பெற்று வீட்டில் இருந்தவள் என்பதால் அக்கா டவுனுக்குப் போனது தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. மாத்திரைப் பொட்டலம் அவள் மடியிலேயே இருந்தது.

பாழாய்ப்போன கடைவாய்ப் பல் அந்த நேரம் பார்த்து வலியெடுத்தது. கன்னம் வீங்கிவிட்டது. பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூட உட்கார முடியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். டவுனுக்கே போவோம் என்றேன்.

"லீவு போட்டுட்டு அவரு எத்தன தடவ வருவாரு? இங்கயே புடுங்கிக்கிறேன்."

"அப்ப மாத்திரையக் காட்டிரு."

"காட்டுனா நாளைக்கிப் பிள்ளைக்குக் காச்சல்னாக்கூட இந்தாளு மருந்து தரமாட்டான். நீ அங்க வாயத் தொறந்த, கொன்னுருவேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. என்னை யாரும் குற்றம் சொல்ல வரவேண்டாம். கைப்பிள்ளையின் மருந்தைப் பணயம் வைத்து உண்மை பேசியவர் யாராவது இருந்தால் வந்து பேசட்டும்.

அவர் வழக்கம்போலக் கேட்டார். அக்கா வழக்கம்போல இல்லீங்க என்றாள். வாசல் பெஞ்சில் உட்காரவைத்து, மரத்துப்போக ஊசிகூடப் போடாமல் பல் பிடுங்கும் இடுக்கியை வாய்க்குள் விட்டார். அக்கா முனகினாள். "கத்துனா பக்கத்துப் பல்லும் வரும்" என்றார். வரிசையில் நின்ற சனம் சிரித்தது. என் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

பல் வந்தது. பஞ்சைத் திணித்து, வலிக்கு ஆஸ்பிரின் கொடுத்தார். தலையிடி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அவர் அள்ளிக் கொடுக்கும் அதே வெள்ளை மாத்திரை. இரத்தம் நிற்கவில்லை. துணி மாற்றி மாற்றிக் கடித்தாள். பொழுது சாயும்போது மாமா டாக்டரய்யா வீட்டுக்கு ஓடினார். "பல்லு புடுங்குனா ரத்தம் வராம பாலா வரும்?" என்று அவர் கேட்டு, இன்னும் கொஞ்சம் ஆஸ்பிரினைக் கொடுத்து அனுப்பினார். வலியில் அக்கா அதையும் போட்டுக்கொண்டாள். விடியும்போது அவள் உதடு வெளுத்திருந்தது, எழுந்து நிற்க முடியவில்லை.

கொழுந்து லொறியில் டவுனுக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் பொட்டலத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இந்த மருந்து குடிக்கிற ஆளுக்குப் பல்லும் கழட்டி, ஆஸ்பிரினும் குடுத்ததா? அதுவும் ரத்தத்த நிக்க விடாது." இரத்தம் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். தோட்டத்தில் பகல் சங்கு ஊதும் நேரத்துக்கெல்லாம் அக்கா போய்விட்டாள். முந்தானை பாலில் நனைந்திருந்தது. பாவி, நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

சாவு வீட்டுக்கு டாக்டரய்யா வந்தார். வந்தவர் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "நான் கேட்டேன். அவ இல்லேன்னு சொன்னா. நீங்கல்லாம் சாட்சி." ஆமாங்க ஐயா என்று தலையாட்டினார்கள். பொய்யில்லையே, கேட்கத்தானே செய்தார். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

பிறகு ஒருநாள் பல் வலியோடு அதே ஜன்னலில் நான் நின்றேன். அவர் கேட்டார். நான் ஒரு மருந்தும் தின்றிருக்கவில்லை. ஆனாலும் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "தின்னேங்க" என்றேன். சொன்னால் தலை போய்விடாது என்று ஒருத்தியாவது காட்டவேண்டும் என்றிருந்தது. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "அக்காளுக்குத் தங்கச்சி. போடி வெளிய. உனக்கும் அந்தப் பிள்ளைக்கும் இனி இங்க மருந்து இல்ல."

எனக்குப் பின்னால் கன்னம் வீங்கி நின்றவள் எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு அத்தை. நெஞ்சு வலிக்கு, இரத்தம் உறையாமலிருக்க, டவுனில் வாங்கிய மாத்திரை அவள் மடியில் இருந்தது எனக்குத் தெரியும். கையைப் பிடித்து, "சொல்லிருங்கத்த" என்றேன். என் கையைத் தட்டிவிட்டு ஜன்னலுக்குப் போனாள்.

"வெளி மருந்து ஏதும் தின்னியா?"

"இல்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.