சோங்நெங்கின் இரண்டாவது மான்

"காயிங், வேட்டை விதியெல்லாம் போட்டிருப்பாங்களே, அந்தப் பக்கத்தக் கொஞ்சம் திற."

"திறந்துட்டேன். சொல்லுங்க மாமா."

"துப்பாக்கி வாரத்துல கூட்டமாப் போறோம். ஒருத்தர் சுட்ட மானோட கால்ல இன்னொருத்தர் தன்னோட வேட்டைச் சீட்டைக் கட்டலாம். சரிதானே?"

"சரிதான்."

"குறுக்குவில்லுக்கும் அப்படித்தானே?"

காயிங் பக்கத்தைக் கீழே தள்ளித் தேடினாள். "இல்ல மாமா. அது துப்பாக்கிக்கு மட்டும். வில்லு, குறுக்குவில்லுன்னா அவங்கவங்க சீட்டுக்கு அவங்கவங்கதான் அடிக்கணும்."

மறுமுனையில் காற்று இரைந்தது.

"இன்னொரு தடவ படி."

படித்தாள்.

"அப்ப நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார் சோங்நெங்.

பின்னாலிருந்து அவருடைய சித்தப்பா மகன் பாவ் கத்துவது கேட்டது. "அண்ணே, இதுக்குப் போயி ஊரெல்லாம் போன் போடணுமா? என் சீட்டைக் கட்டியாச்சு, முடிஞ்சுது. மான் எழுந்து வந்து சாட்சியா சொல்லப்போவுது?"

"வாய மூடுடா. மரத்துமேல குறட்டை விட்டவன்லாம் பேச வந்துட்டான்."

சோங்நெங் காயிங்கின் தாய்மாமன். சிறுவனாகத் தாய்லாந்து அகதி முகாமிலிருந்து விஸ்கான்சினுக்கு வந்த ஹ்மாங் இனத்தவர். வாசாவ் நகரத்து ஜன்னல் தொழிற்சாலையில் கண்ணாடிச் சட்டங்களைத் தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. வில்லை இழுக்க முடியாமல் போனதும் குறுக்குவில் வாங்கினார். அதில் கைப்பிடியைச் சுற்றினால் நாண் தானாக ஏறிக்கொள்ளும், தோளுக்கு வேலை இல்லை. தொழிற்சாலையில் யாரோடும் அதிகம் பேசமாட்டார். அக்டோபர் பிறந்துவிட்டால் மட்டும், மான் தடம் பார்த்த இடத்தைப் பற்றிச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசுவார்.

துப்பாக்கியால் மான் சுட அனுமதிக்கும் அந்த ஒரு வாரத்தில் அவர்கள் குடும்பத்து ஆண்கள் எல்லோரும் சேர்ந்து காட்டுக்குப் போவார்கள். இறைச்சியை வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு வைப்பார்கள். யார் சுட்டது என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் அற்பத்தனம். அந்தப் பழக்கம்தான், குறுக்குவில்லோடு காட்டுக்குப் போன அன்று காலை, சோங்நெங்கின் கையில் இருந்தது.

இரண்டு பெண் மான்கள் வந்தன. ஒன்றை வீழ்த்தினார். ஒரு சீட்டுக்கு ஒரு மான்தான், அவரிடம் இருந்த ஒரே சீட்டு அதற்குச் சரியாகப் போயிற்று. மற்றது ஓடிப்போய், துணையைத் தேடித் திரும்பி வந்தது. அவர் கைப்பிடியை மெதுவாகச் சுற்றி நாணேற்றினார், அம்பை வைத்தார். பாவின் சீட்டு சும்மாதானே இருக்கிறது என்று நினைத்தார். விட்டார்.

பக்கத்து மரத்துப் பரணில் தூங்கிவிட்டுக் கீழே இறங்கி வந்த பாவ் தன் சீட்டைக் கட்டிக்கொண்டே, "தூங்கிக்கிட்டே மான் அடிச்ச மொத ஆளு நான்தான்" என்று சிரித்தான். சோங்நெங்குக்குச் சிரிப்பு வரவில்லை. மானை அரசிடம் பதிவு செய்யும்போது, அடித்தது தான்தான் என்று பாவ் சொல்லியாக வேண்டும். அங்கேதான் அவருக்கு இடித்தது. காயிங்கை அழைத்தார். அடுத்த அழைப்பு, வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் வார்டனுக்கு.

காயிங் மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர். பிறருடைய பேச்சை இரு பக்கமும் கொண்டுபோகிறவள், தன் பேச்சு என்று அதிகம் இல்லாதவள். மாமாவுக்காகப் பேச வந்து காட்டோரம் காரை நிறுத்தியதும் அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "லைசென்ஸ் போயிடும் மாமா. உங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வராதுன்னு சொல்லிடுறேன். விட்டுடுவாங்க."

"எனக்குப் படிக்க வரும். படிக்கல. அது வேற, இது வேற."

"சும்மா ஒரு வார்த்தைக்கு..."

"வேணாம்மா. அப்புறம் நம்ம ஆளுங்க எல்லாருக்குமே படிக்கத் தெரியாதுன்னு அந்தாளு எழுதிக்குவான்."

வார்டன் ஹால்வர்சன் இளைஞர். தெரியாமல் செய்ததா என்று கேட்டார். சோங்நெங் ஹ்மாங் மொழியில் பதில் சொன்னார்: நாணேற்ற நேரம் பிடித்தது, அந்த நேரத்தில் யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. காயிங் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். ஹால்வர்சன் பாவின் சீட்டைக் கழற்றி, இரண்டாவது மானைத் தன் வண்டியில் ஏற்றி, வழக்கு எழுதினார். தானாக அழைத்துச் சொன்னதை நீதிபதி கணக்கில் எடுத்துக்கொண்டார். இருந்தும் அடுத்த வருடம் முழுக்க சோங்நெங்குக்கு வேட்டை உரிமம் இல்லை என்றாகிவிட்டது.

அடுத்த அக்டோபரில் சோங்நெங்கின் மனைவி, மான் இல்லாததால் பன்றி இறைச்சியைக் கொத்தி லாப் செய்தாள். சோங்நெங் அதை ஒட்டரிசிச் சோற்றோடு சாப்பிட்டார். வாசலில், வேட்டைக்குக் கிளம்பிய பாவின் வண்டி ஹாரன் அடித்தது. "அண்ணே, டாட்டா காட்டவாவது வாங்க!" சோங்நெங் ஒரு கெட்ட வார்த்தையால் பதில் சொன்னார். எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

அந்த வாரம் ஹ்மாங் சங்கக் கூடத்துச் சுவரில் ஒட்டுவதற்காகக் காயிங் குறுக்குவில் விதிகளை ஹ்மாங்கில் எழுதிக்கொண்டிருந்தாள். சோங்நெங் வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். விடிவதற்கு எவ்வளவு முன்னால் அடிக்கலாம், வண்டியில் குறுக்குவில்லை எப்படி வைக்கவேண்டும் என்பதையெல்லாம் தாண்டி, சீட்டைப் பற்றிய வரிக்கு வந்ததும் விரலை வைத்தார்.

"இத யாரும் படிக்கமாட்டாங்க."

"பெரிய எழுத்துல போடட்டுமா மாமா?"

"எழுத்துல ஒண்ணுமில்ல. இதுக்குக் கீழ என் பேரப் போடு. சோங்நெங் இப்படிப் பண்ணி ஒரு வருஷம் வீட்ல உக்காந்தான்னு எழுது. அப்பப் படிப்பாங்க."

காயிங் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எழுதும்மா" என்றார். "பாவ் பேரு மட்டும் வேணாம்."