முந்தல் வரைக்கும் கேட்ட கூவல்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் போய் வேலையைப் பார் என்று விரட்டுகிற ஆள் நான். சிலமலையில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போங்கள், எனக்கொன்றும் வருத்தமில்லை.

விடியுமுன் ஜீப்பில் ஏறினால் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் போய் இறங்குவோம். ஏலச்செடி ஆளைவிட உயரம், காய் எடுப்பதோ தூருக்கடியில் குனிந்து, அதனால் அடுத்த வரிசையில் இருப்பது யார் என்றே தெரியாது, பனிமூட்டம் இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம், யானை பயம் வேறு. அதற்காகத்தான் நாங்கள் கூவுவது. வீட்டுக்கு வீடு கூவல் வேறு. நம் வீட்டுக் கூவல் காதில் விழுந்தால் பதில் கூவியே ஆக வேண்டும். எங்களுடையது இரண்டு குட்டை, ஒரு நீளம். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், என் தொண்டைக்கு அந்த மலையில் இணை கிடையாது. பள்ளிக்கூட லீவில் கூட்டிப்போய் என் மகள் தேன்மொழிக்கும் அதைப் பழக்கியிருந்தேன்.

தோட்டத்தில் டவர் கிடைக்காது. அங்கே போன் எதற்கு, மழையில் நனைந்து கெட்டுப்போகும் என்று எங்கள் ஆட்கள் எல்லோருமே வீட்டில் வைத்துவிட்டு வருவோம். அதில்தான் வினை வந்தது. எட்டாவது படிக்கிற பிள்ளை அதில் விளையாட்டு ஆடியிருக்கிறாள், அதற்குள் பிரியா அக்கா என்று ஒருத்தி வந்து பழகியிருக்கிறாள், உன் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று ஒரு போட்டோ வாங்கியிருக்கிறாள். அப்புறம் அந்தப் போட்டோவை அசிங்கமாக மாற்றி, பள்ளிக்கூடம் முழுக்க அனுப்பிவிடுவேன், முந்தல் செக்போஸ்ட்டுக்குத் தனியாக வந்தால் அழித்துவிடுகிறேன் என்று மிரட்டல். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அன்று மதியம் சோற்றுத்தூக்கைத் திறந்து உட்கார்ந்தேன், எதிரே என்னோடு காய் எடுக்கிற பாண்டியம்மா. நல்ல மூட்டம். கீழ்ச்சரிவிலிருந்து ஒரு கூவல் வந்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம். சத்தியமாக என் மகள் குரல், அவளோ அந்நேரம் போடியில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள். பதில் கூவ வாயெடுத்தேன், வாய் திறக்கவே இல்லை. தூக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

மேஸ்திரி மலையாளத்துக்காரர், வழியை மறித்தார். “எந்தா சேச்சி, எவிடெ போகுன்னு?”

“எம்புள்ள கூப்புடுதுண்ணே, நான் போறேன்.”

ரோட்டில் ஏலக்காய் லோடு ஏற்றிய ஜீப்பு ஒன்று வந்தது, கையைக் காட்டி ஏறிக்கொண்டேன். வெரசா போப்பா, வெரசா போப்பா என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவருக்கே வேர்த்துவிட்டது. மலை இறங்கினால் முந்தல். செக்போஸ்ட்டில் ஜீப்பு நின்றது, பார்த்தால் அங்கே டீக்கடைக்குள் யூனிபாரத்தோடு என் பிள்ளை நின்றாள். கடைக்கார அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஆத்தா, இங்கன என்னத்தா பண்ற?”

“வெள்ளக் கார்ல ஒரு ஆளு வந்தாம்மா. அக்கான்னு நெனச்சேன், அப்பா வயசு ஆம்பள. கதவத் தொறந்து ஏறுன்னான். நான் காலத் தூக்கி வச்சிட்டேன். அப்பத்தான் நீ மேல இருந்து கூவுன. அதான் ஏறல, கடைக்குள்ள ஓடியாந்துட்டேன்.”

“நீ மொதல்ல கூவுனியா?”

“இல்லம்மா. எனக்கு சத்தமே வரல.”

அவளைக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் அழுதேன். அதற்கப்புறம் பாருங்கள், அழுதது நான் மட்டும்தான். ஸ்டேஷனில் என் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து கார் நம்பரைச் சொன்னாள். ஒன்றைக்கூட அழிக்காமல் வைத்திருந்த மெசேஜ்களைக் காட்டினாள். அடுத்த வாரமே ஆள் பிடிபட்டான், அவன் போனில் இன்னும் எத்தனையோ பிள்ளைகளின் போட்டோக்கள் இருந்ததாம். வீட்டு மானம் போச்சே என்று சொல்ல வந்த சொந்தக்காரர்களிடம், எம்புள்ள மாதிரி ஒன்னு பெத்துட்டு வந்து பேசுங்க என்றேன். போன மாதம் பள்ளிக்கூட மேடையில் மைக் பிடித்து, மிரட்டினால் ஒளிக்காதீர்கள், வீட்டில் சொல்லுங்கள் என்று பேசினாள். முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேன், எனக்கு அவ்வளவு கர்வம்.

ஆனால் போடிமெட்டிலிருந்து முந்தலுக்கு எத்தனை வளைவு, எத்தனை பள்ளம். எந்தத் தொண்டைக்கும் அது எட்டாது, என் தொண்டைக்கும்தான். பாண்டியம்மா அன்றைக்கு நடந்ததை ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னாள், அதுவும் கண்ணைப் பார்க்காமல்.

“நான் ஒன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேங்க்கா. நீ வாயத் தொறக்கல. ஆனா ஒங்கொரலு என்னத் தாண்டி மலைக்குக் கீழ போச்சு.”

அதிலிருந்து மூட்டம் இறங்கினால் அவள் என் பக்கத்து வரிசைக்கு வருவதில்லை. நானும் கூப்பிடுவதில்லை. எங்கேயாவது கூவல் கேட்டால் இப்போதும் என் கை தன்னால் வாய்க்குப் போகிறது, அது மூடித்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க.