சுவர் விழும் என்று சொன்னது நான்தான்

சில வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். மத்திய அரசின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் நான் தொழில்நுட்ப அதிகாரி. பழைய கட்டடங்களின் உறுதியைச் சோதிப்பது என் வேலை. டச்சுக்காரர்கள் காலத்துக் கிடங்கு ஒன்றின் சுவர் மட்டும் அங்கே மிச்சமிருந்தது. அதைப் பார்த்து அறிக்கை தர வேண்டும்.

ஜீப்பிலிருந்து இறங்கியதுமே தலைவலி ஆரம்பித்தது. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் போகிறேன். ஊர்க்காரர்கள் எங்கள் டிரைவருக்கு நாற்காலி போடுகிறார்கள். சலவைச் சட்டை போட்டிருந்ததுதான் அவர் செய்த ஒரே குற்றம். "மேடம்தாங்க ஆபீசர்" என்று பாவம், சொல்லிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே இளநீரை அவர் கையில் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது, "பாப்பா, பெட்டிய அங்க வைம்மா."

பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். சுவரின் விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையைச் சாந்து வைத்து ஒட்டினேன். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். சாந்து இறுகியதைப் பார்த்துவிட்டு மறுபக்கம் அளக்கப் போனேன். திரும்பி வந்தால், கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. சுவர் நகர்ந்துகொண்டிருந்தது. அதன் நிழலில் இறால், நண்டுக் கூடைகளோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் எழுந்திருங்க, சுவர் விழப்போகுது" என்றேன்.

"டச்சுக்காரன் கட்டினதும்மா. எத்தினி புயலுக்கு நின்னுது, இன்னிக்கா வுழப்போவுது?" என்றார் ஒரு நண்டுக்காரம்மா.

தொண்டை வறளக் கத்தினேன். உடைந்த கண்ணாடியைக் காட்டினேன். "ஒட்டும்போதே ஒடைஞ்சிருக்கும்" என்றார் அவர். பக்கத்திலிருந்தவர், "சார் இன்னா சொல்றாரு?" என்று டிரைவரைப் பார்த்தார்.

இனி பேசிப் பயனில்லை. டிரைவரிடம் ஓடினேன். "அண்ணே, நீங்க சொல்லுங்க."

அவர் எழுந்து, "எல்லாம் ரோட்டுக்கு அந்தாண்ட போங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கூடைகள் மளமளவென்று நகர்ந்தன.

மத்தியானம் நாங்கள் தடுப்புக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, பாதிச் சுவர் சரிந்து, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே விழுந்தது. தூசி அடங்கியதும் எல்லாரும் டிரைவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டிரைவர் நெளிந்தபடி என்னைக் காட்டினார். யார் பார்த்தார்கள்?

அந்த நண்டுக்காரம்மா அவரிடம், "சார், உங்க வேலைக்கு வரணும்னா இன்னா படிக்கணும்? எம் பொண்ணு பத்தாவது படிக்குது" என்று கேட்டார்.

"எனக்கு டிரைவிங் லைசென்ஸ் போதும்மா. சுவரு விழும்னு கண்டுபிடிக்கிற வேலைன்னா, அவங்களத்தான் கேக்கணும்."

அந்த அம்மா என்னிடம் வந்து, தலை முதல் கால் வரை பார்த்தார். "நீயாம்மா?"

"நான்தான்க்கா." சிவில் டிப்ளமோ படித்தது, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "பொம்பளப் புள்ளைங்கள எடுப்பாங்களா?" என்றார்.

எனக்குச் சுவரிலேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அது போதும் என்றுதான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரம் பார்த்து டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தால் என்ற நினைப்பு வரும்போது, இன்றைக்கும் எனக்குக் கோபமும் நடுக்கமும் சேர்ந்தே வருகின்றன.