கிரேக்கத் தீவில் மோட்டார் ரூம் சாவி

கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றில் ஏழு நாள் ஓய்வெடுத்துவிட்டு வந்தவன் நான். எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரு குட்டைச் சுவரைப் பற்றி மட்டும்தான். நாங்கள் தங்கிய வீட்டு வாசலில், இடுப்பளவு உயரத்தில், வெள்ளையடித்த சுவர். அங்கே நின்றால்தான் போனில் சிக்னல் ஒழுங்காக வரும்.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு, பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கினோம். மொத்தம் பன்னிரண்டு வீடு. குடிவந்த மூன்றாம் மாதமே அசோசியேஷன் செயலாளர் பதவி என் தலையில் விழுந்தது. மற்றவர்கள் எல்லாம் ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள். "சார் வீட்லதானே இருக்கீங்க" என்றார்கள். அன்றிலிருந்து ஆறு வருடமாகக் காலை ஐந்தரைக்கு மோட்டார் போடுவது, மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் நிறுத்துவது, வெயில் காலத்தில் தண்ணீர் லாரிக்குப் போன் செய்து கெஞ்சுவது எல்லாம் நான்தான். அலுத்துப்போய்விட்டது. வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் புலம்புவேன். மூன்றாவது மாடிப் பெண் ஒருத்தி மட்டும், தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கிற கருவி ஒன்று வைக்கலாம் அங்கிள் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதையெல்லாம் நம்ப முடியாதும்மா என்று தட்டிக்கழித்ததும் நான்தான்.

பயணம் என் மனைவியின் ஆசை. குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் பழைய காலண்டரிலிருந்து ஒரு படத்தை வெட்டி, சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தாள். நீலக் கடல், மொட்டைப் பாறை, உச்சியில் வெள்ளையாக ஒரு சின்னச் சர்ச், அதற்கு ஏறிப்போகும் படிகள். உப்பு டப்பாவை எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். இப்போது அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு தரையில் நன்றாக நடக்கலாம், மலைப்படி எல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அதுக்குள்ள ஒரே ஒரு தடவை, உங்களோட அந்தப் படி ஏறணும்ங்க" என்றாள். ஜெர்மனியில் இருக்கும் மகள் படத்திலிருந்த தீவு எதுவென்று தேடிக் கண்டுபிடித்து, டிக்கெட் போட்டு, அந்தப் படிகளின் அடிவாரத்திலேயே தங்க வீடும் பார்த்துக் கொடுத்தாள்.

இரண்டு விமானம், ஒரு கப்பல். தீவில் இறங்கியபோது எனக்கு உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. கர்ச்சீப் எடுக்கப் பாக்கெட்டில் கைவிட்டேன். மோட்டார் ரூம் சாவி வந்தது. மாற்றுச் சாவியும் அதே வளையத்தில்தான் தொங்கியது. போனைப் போட்டதும் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் கொட்டியது. எங்கள் கட்டடத்தில் முந்தின நாளிலிருந்து தண்ணீர் இல்லை.

தொழிற்சாலையில் இருந்த முப்பத்திரண்டு வருடமும் சாயங்காலம் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போடாமல் நான் கேட்டைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவன் மறந்துவிட்டேன் என்று எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பினேன். இப்போது எழுதுகிறேன், அது பொய். டாக்ஸியில் ஏறும்போதே சாவி தொடையில் உறுத்தியது. இறங்கிப்போய் யாரிடமாவது கொடுத்திருக்கலாம். கொடுக்க மனசு வரவில்லை.

மறுநாள் காலை அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு பிளம்பரைப் பிடித்தேன். அம்பத்தூர்க்காரர், வேலைக்குக் கெட்டி. "சாரே, பூட்ட ஒடச்சாச்சு. தண்ணி ஏறிகினு கீது. நீ இன்னாத்துக்கு டென்ஷன் ஆவுற? ஜாலியா சுத்திப் பாத்துகினு வா" என்றார். அதோடு விட்டிருக்க வேண்டும். மனைவி கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு வாசலில் நின்றாள். வால்வைச் சரியாகத் திருப்பினார்களா என்று ஒருமுறை கேட்டுவிடுகிறேன், நாளைக்கு ஏறலாம் என்றேன். சரி என்று ஷூவைக் கழற்றினாள்.

அதற்கடுத்த நாள் குரூப்பில் சத்தமே இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தங்கிய வீட்டுக் குளியலறையில், தீவில் தண்ணீர் குறைவு, பார்த்துச் செலவழியுங்கள் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டி எங்கே, எத்தனை மணிக்கு நிரப்புவீர்கள் என்று சைகையில் விசாரித்தேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

நான்காம் நாள் மூன்றாவது மாடிப் பெண் ஒரு போட்டோ போட்டிருந்தாள். மோட்டார் ரூம் சுவரில் அந்தக் கருவி. கீழே ஒன்பது பேர் கைதட்டியிருந்தார்கள். என்னைக் கேட்காமல் எப்படி வைக்கலாம் என்று நீளமாக எழுதினேன். அவள் பணிவாகப் பதில் போட்டாள், அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆவடியில் கடிகாரம் தீவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, சாப்பாட்டு நேரத்துக்குள் பிடித்தால்தான் உண்டு என்று ஒவ்வொரு வீடாகப் போன் செய்தேன். "சார், எல்லாம் நல்லா ஓடுது சார்" என்று எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்.

"அவங்க உங்கள எதுவும் கேக்கல. நீங்கதான் அவங்கள விட மாட்டேங்கறீங்க" என்றாள் மனைவி. சண்டை போடவில்லை, அசதியாகச் சொன்னாள். அன்றிலிருந்து மூன்று நாள் காலையில் தனியாகவே கிளம்பிப் போனாள். மத்தியானம் முகம் சிவக்கத் திரும்பி வருவாள். எப்படி இருந்தது என்பேன், போனைக் காதிலிருந்து எடுக்காமலே. "நல்லா இருந்துச்சு" என்பாள். ஏழாம் நாள் கப்பல் மேல்தளத்திலிருந்து அந்தச் சர்ச் தெரிந்தது, எங்கள் தண்ணீர்த் தொட்டி அளவுதான் இருக்கும். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் காலை ஐந்தரைக்குப் பழக்கதோஷத்தில் கீழே இறங்கினேன். மோட்டார் ரூமில் புதுப் பூட்டு. உள்ளே மோட்டார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. ஒரு சொட்டு வழியவில்லை. வாக்கிங் கிளம்பிய மூன்றாவது மாடிப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, "நான் பாத்துக்கறேன் அங்கிள், நீங்க போய் ரெஸ்ட் எடுங்க" என்றாள். ஆறு வருடமாக யார் வாயிலிருந்தாவது வராதா என்று நான் ஏங்கிய வார்த்தை. பாக்கெட்டில் பழைய சாவியோடு மாடியேறினேன்.

மனைவி பால்கனியில் ஸ்டூல் மேல் காலை நீட்டி, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே ஏரி. பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்ல வேறெதுவும் தோன்றாமல், "அங்க மேல என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவள் கையை நிறுத்தவில்லை.

"எனக்கென்ன தெரியும்? நான் ஏறவே இல்லையே. மூணு நாளும் பாதிப் படியிலதான் உக்காந்திருந்தேன். அங்கேருந்து பாத்தா நீங்க சுவர்கிட்ட நிக்கறது நல்லாத் தெரியும். இப்ப போனை வெச்சுட்டு வந்துருவீங்க, இப்ப வந்துருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."