சோதனைச் சாவடியில் என் ஜெர்மன் அட்டைகள்

அந்த வெள்ளிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் அந்தப் பெண், கடைக்கதவைப் பாதி இறக்கியபடியே "இந்தத் தங்கச்சியை எனக்குத் தெரியாது" என்று பொலிஸாரிடம் சொல்லியிருந்தால், நான் அவரைக் குறை சொல்லியிருப்பேனா? அவருடைய இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பிள்ளையைத் தூங்க வைக்கும்போதும், சோறு வடிக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இதை யோசித்துப் பார்க்கிறேன்.

என் கணவர் ஜெர்மனியில் வேலை செய்கிறார். எங்கள் மகளுக்கு அப்பா என்றால் தொலைபேசியில் வரும் ஒரு குரல். மனைவியை அங்கே கூப்பிடுவதென்றால் அவள் முதலில் இங்கேயே அடிப்படை ஜெர்மன் பரீட்சை ஒன்றில் சித்தியடைய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அதற்காகத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளையோடு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்தேன். வடக்கிலிருந்து வருகிறவர்கள் செய்ய வேண்டியபடி பொலிஸில் பதிவு செய்தேன். மகளை மொண்டிசோரியில் சேர்த்தேன். வகுப்பு கொட்டாஞ்சேனையில், ஒரு மாடி மண்டபத்தில். காலையில் பிள்ளையை விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். மொண்டிசோரி மத்தியானம் முடியும். அதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். எனக்குப் பதிலாகப் பிள்ளையை எடுக்க கொழும்பில் வேறு யாரும் இல்லை.

முதலில் கடதாசி அட்டைகளில்தான் சொற்களை எழுதிப் படித்தேன். பஸ் பிரேக் பிடிக்க அவை சிதறி, இறங்குகிறவர்களின் கால்களுக்கு நடுவே குனிந்து பொறுக்கிய நாட்கள் உண்டு. இதை ஒருநாள் தொலைபேசியில் சொன்னபோது கணவர் சிரித்தார். பிறகு, கல்யாணவீடு ஒன்றுக்கு இங்கே வந்த ஒருவரிடம் ஒரு கையடக்கக் கருவியைக் கொடுத்துவிட்டிருந்தார். அவரோடு வேலை செய்யும் ஒருவர் புதிது வாங்கியதால் ஒதுக்கி வைத்த பழைய கருவி. சவர்க்காரப் பெட்டியளவுதான் இருக்கும். மெல்லிய குச்சியால் திரையைத் தொட்டால் ஜெர்மன் சொல் வரும்; இன்னொரு முறை தொட்டால் கருத்து வரும். தெரிந்த சொல் பின்னுக்குப் போய்விடும். தெரியாதது திரும்பத் திரும்ப முன்னுக்கு வரும். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் படிக்கலாம். எனக்கு அது பெரிய கொடை.

ஆனால் அதில் அட்டைகள் ஒன்றும் இருக்கவில்லை. கணவர் சொற்களை ஜெர்மனும் ஆங்கிலமுமாக மின்னஞ்சலில் அனுப்பினார். ஆங்கிலம் எனக்கு வாசித்தால் விளங்கும். ஆனால் ஆங்கிலத்தின் வழியாகப் படித்த சொல் மனதில் நிற்பதில்லை. பின்பக்கத்தில் தமிழ் வேண்டும் என்று நினைத்தேன்.

இந்த வேலைக்குத்தான் வகுப்புக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த அந்தக் கடைக்குப் போனேன். இரண்டு கணினிகள், ஒரு போட்டோகொப்பி மெஷின், தொலைபேசிக் கூண்டு. கடையை நடத்துகிறவர் முஸ்லிம் பெண். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். எல்லோரையும் போல நானும், முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடுவது போல, ராத்தா என்றே கூப்பிட்டேன். கல்யாணத்துக்கு முன்பு கணினி வகுப்பு எடுத்தவராம். முதல் நாள் கணினி கருவியின் வயரை ஏற்கவேயில்லை. அடுத்த தடவை அட்டைகள் ஏறின, ஆனால் புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாகப் போயின. கோப்பைச் சேமிக்கும்போது வேறொரு தெரிவைக் கொடுத்து ராத்தா அதைச் சரிப்படுத்தினார். கடைசியாகத் தமிழ்.

"தங்கச்சி, இந்த மெஷினுக்குத் தமிழ் எழுத்தே தெரியா," என்றார் ராத்தா.

"அப்ப என்னத்தைக் காட்டும்?"

"நீங்க குத்தின இங்லிஷ் எழுத்தை அப்படியே காட்டும்."

கணினியில் நாங்கள் அடிக்கும் தமிழ் அப்படித்தான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் 'அம்மா' என்பது mk;kh என்று நிற்கும். 'வீடு' tPL ஆகிவிடும். வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே கைவிட்டிருப்பார்கள். நானோ யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவலகத்தில் தமிழ் தட்டச்சு செய்தவள். எந்த விசை எந்த எழுத்து என்பது விரல்களுக்குப் பாடம். mk;kh என்று கண்டால் எனக்கு அது அம்மாதான்.

"பரவாயில்ல ராத்தா. எனக்கு வாசிக்க ஏலும்."

ராத்தா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒலகத்துல உங்களுக்கு மட்டும் வெளங்கிற தமிழ்."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சொற்களையும் வசனங்களையும் அடித்து, வெறும் எழுத்தாகச் சேமித்து, அதை அட்டைக் கோப்பாக மாற்றி, கருவியை வயரில் பொருத்திப் பொத்தானை அழுத்துவோம். கீச்சென்று ஒரு சத்தம் வரும், அட்டைகள் ஏறிவிடும். வேறொருவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று, எதற்கெடுத்தாலும் யோசிக்கிற நான், அன்று யோசிக்கவேயில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து வரும்போது பஸ் நிற்பாட்டுமிடத்துக்கு முன்னால் பொலிஸார் சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். பெண் பொலிஸ் ஒருவர் என் கைப்பையைத் திறந்து கருவியை எடுத்தார். குச்சியால் தொட்டார், திரும்பவும் தொட்டார். முகம் மாறியது. அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"மே மொனவாத?" இது என்ன என்று அதிகாரி கேட்டார்.

"ஜெர்மன் வேர்ட்ஸ், சேர். பரீட்சைக்கு."

"இது?" பின்பக்கத்தைக் காட்டினார். அரைப்புள்ளிகளும், சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் கலந்த வரிகளும்.

"தெமள, சேர்."

"மேக்க தெமள நெமெய்," என்றார். இது தமிழில்லை. அவர் சொன்னது பிழையில்லை. கொட்டாஞ்சேனையில் வேலை செய்கிறவர் தினமும் கடைப் பலகைகளில் தமிழ் எழுத்தைப் பார்க்கிறார். அந்தத் திரையில் இருந்ததை நானும் அவருடைய கண்களால் அப்போதுதான் பார்த்தேன். யாரோ யாருக்கோ அனுப்பிய இரகசியச் செய்தி போலவே இருந்தது.

என் சிங்களம் மீன் வாங்கவும் பஸ்ஸில் இறங்கவும் மட்டும் போதுமானது. எழுத்துரு என்றால் என்னவென்று அதில் எப்படிச் சொல்வது? என்னைக் கொண்டுபோனால் பிள்ளையை யார் எடுப்பது என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது. எங்கே செய்தது என்று கேட்டார். நான் ஒழுங்கையைக் காட்டினேன். காட்டிய பிறகுதான், இன்னொரு குடும்பப் பெண்ணையும் இதற்குள் இழுத்துவிட்டேனே என்று உறைத்தது.

அதிகாரியும் பெண் பொலிஸும் ஒரு கொன்ஸ்டபிளும் என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை நேரம். ராத்தாவின் கணவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். ராத்தா கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகக் கதவைப் பாதி இறக்கியிருந்தார். மூன்று பொலிஸாரையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவைப் பிடித்த கை அப்படியே நின்றது. நான் இப்போதும் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்தக் கணத்தில்தான்.

பிறகு கதவை மேலே தள்ளினார். "ஒவ் மஹத்தயா, மே நங்கி மகே கடேட்ட தமாய் என்னே," என்றார். ஓம் ஐயா, இந்தத் தங்கச்சி என் கடைக்குத்தான் வருகிறவர். உடனே என் பக்கம் திரும்பித் தமிழில், "புள்ளய எடுக்கிறது யாரு?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல ராத்தா."

அதிகாரியிடம் அனுமதி கேட்டு, மொண்டிசோரிக்குத் தொலைபேசி எடுத்து, அம்மா வரச் சுணங்கும், பிள்ளையை வைத்திருங்கள் என்று ரீச்சரிடம் சொன்னார். எல்லாவற்றுக்கும் முதல் அவர் செய்தது அதைத்தான்.

பிறகு கணினியைப் போட்டு என் கோப்பைத் திறந்தார். அங்கேயும் அதே mk;kh, அதே tPL. அதிகாரி குனிந்து பார்த்தார். ராத்தா சிங்களத்தில் விளக்கிக்கொண்டே எல்லாவற்றையும் தெரிவுசெய்து, எழுத்துருவை மாற்றினார். ஒரே சொடுக்கில் திரை முழுதும் தமிழ். எனக்கு மூச்சு வந்தது.

கூட வந்த கொன்ஸ்டபிளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். சத்தமாக வாசிக்கச் சொன்னார் அதிகாரி.

"துறைமுகம் எங்கே இருக்கிறது?" என்று வாசித்தார் கொன்ஸ்டபிள். "ரயில் எத்தனை மணிக்குப் புறப்படும்? பாலத்தைக் கடந்து இடது பக்கம் திரும்புங்கள்."

புதிதாக ஒரு நாட்டுக்குப் போகிறவளுக்கு வழி கேட்கத் தெரிய வேண்டும் என்று என் கணவர் எழுதிக் கொடுத்த வசனங்கள். ஆனால் ஒழுங்கை முனையிலிருந்து பார்த்தால் துறைமுகத்தின் கிரேன் தெரிகிற இடத்தில், யுத்தமும் குண்டுப் பயமும் இருந்த அந்த நாட்களில், அதை ஒரு பொலிஸ்காரர் வாசித்துக் கேட்டபோது அது வேறொரு அர்த்தம் கொடுத்தது. தமிழாக மாறாதா என்று சற்று முன்பு ஏங்கியவள், திரும்ப mk;kh ஆகிவிடாதா என்று நினைத்தேன்.

ராத்தா பதறவில்லை. திரையைக் கீழே உருட்டினார். "மல்லி, இதையும் வாசிங்க," என்றார் கொன்ஸ்டபிளிடம், தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டு.

"என் மகளுக்குக் காய்ச்சல். உருளைக்கிழங்கு ஒரு கிலோ தாருங்கள். மன்னிக்கவும், மெதுவாகப் பேசுங்கள், எனக்கு விளங்கவில்லை." கடைசி வசனத்தில் கொன்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிங்களத்தில் சொன்னார். பெண் பொலிஸும் சிரித்தார்.

அதிகாரி சிரிக்கவில்லை. கருவியைக் கையிலெடுத்து ஜெர்மன் பக்கத்தை மட்டும் எனக்குக் காட்டினார். நான் தமிழ்க் கருத்தைச் சொன்னேன். கொன்ஸ்டபிள் அதைத் திரையில் தேடி, சரி என்றார். இன்னொன்று. அதுவும் சரி. ஒன்றில் நின்றுவிட்டேன். எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"தெரியேல்ல, சேர்."

கொன்ஸ்டபிள் தேடிப் பார்த்து, "குடை," என்றார்.

"அந்தச் சொல்லு இவவுக்கு எப்பவுமே வாறதில்ல," என்றார் ராத்தா. அதையே சிங்களத்திலும் சொன்னார். "கடையில ஈந்து படிக்கக்குள்ளயும் அதுலதான் மாட்டுவா."

அதிகாரி பரீட்சை எப்போது என்று கேட்டார். அடுத்த மாதம் என்றேன். கருவியை மேசையில் வைத்தார். "நங்கி, இதை பஸ்ஸில் வெளியே எடுக்க வேண்டாம்," என்று சிங்களத்தில் மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் முழுதாக நம்பினாரா, அல்லது போகட்டும் என்று விட்டாரா, தெரியாது. எதுவானாலும் அவருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அவர்கள் போன பிறகுதான் ராத்தா கதிரையில் இருந்தார். ஒரு கிளாஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே, ராத்தா."

"தெரியாதெண்டு எப்படிச் செல்ற? நீங்க கடைக்கு வாறீங்கதானே?" என்றார், நான் ஏதோ விசித்திரமாகக் கேட்டுவிட்டது போல. பிறகு, "போங்க, புள்ள பாத்துட்டிருக்கும். அந்தக் குடைய மொதல்ல பாடமாக்குங்க. மழை பெய்ற நாடாம்."

மகள் ரீச்சரின் மடியில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, நீங்க இண்டைக்கு லேட்," என்றாள். வேறொன்றும் அவளுக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதற்கு ராத்தாதான் காரணம்.

அடுத்த கிழமை முழுதும் அவர் என்னோடு இருந்து பின்பக்கங்களை மாற்றினார். கைத்தொலைபேசியில் செய்தி அனுப்புவது போல, தமிழை ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தோம். துறைமுகத்தையும் பாலத்தையும் எடுத்துவிட்டோம். திரும்பவும் கோப்பை மாற்றி, திரும்பவும் வயரைப் பொருத்தி, அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டோம். பரீட்சையில் சித்தியடைந்தேன். கேள்வித்தாளில் குடை வரவேயில்லை.

இப்போது விசா வந்துவிட்டது. பயணத்துக்கு உடுப்பு அடுக்கும்போது கருவி ஒரு மூலையில் கிடக்கிறது. எனக்கு இனி அது தேவையில்லை. வகுப்பில் இன்னொரு பெண், கைக்குழந்தைக்காரி, கடதாசி அட்டைகளோடு பஸ்ஸில் அல்லாடுகிறாள். அவளுக்குக் கொடுக்கத்தான் மனம். ஆனால் கொடுத்தால் அவளையும் அதே சாவடியில் நிறுத்திவிடுவேனோ? இதை ராத்தாவிடம் சொன்னேன். "இங்க வெச்சிட்டுப் போங்க. வாற புள்ளைகள் இங்கேயே ஈந்து படிக்கட்டும். ஒருத்தரும் தூக்கிட்டு அலையத் தேவல்ல," என்றார். கேட்கும்போது நல்ல வழியாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்த பிறகு, எனக்காக ஒருதரம் கதவைத் திறந்தவரின் மேசையிலேயே அந்தப் பொருளை வைத்துவிட்டுப் போவது சரியா என்று தோன்றியது. அவர் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அதனாலேயே எனக்குப் பயமாக இருக்கிறது.

இதை வாசிக்கிறவர்களில் கொழும்பில் இப்படிப் படித்தவர்களும், பிள்ளையோடு இப்படிப் புறப்பட்டவர்களும் இருப்பீர்கள். நீங்கள் என்றால் கருவியை ராத்தாவிடம் கொடுப்பீர்களா, அந்தப் பெண்ணிடம் கொடுப்பீர்களா, அல்லது எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்களோடு கொண்டுபோவீர்களா? நான் புறப்படுவதற்கு முன் எழுதிச் சொல்லுங்கள்.