பெரியையாவுக்குப் போட்ட சோகி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் கூட, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் இருக்கும் வில்லரே என்ற நகர்ப்பகுதி வீட்டில் என் பேத்தி, அந்தக்காலத்துப் பேஸ்போல் அணிகள் இரண்டுக்குத் தாயக்கட்டை உருட்டி இறுதிப்போட்டி நடத்துகிறாள்.

"இவையள் எல்லாரும் செத்திட்டினம் அம்மம்மா. ஆனா விளையாடுவினம்."

கட்டை மேசையில் உருண்ட சத்தத்தோடு நானும் எங்கள் பழைய வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கே ஐயா, என் அப்பா, ஊரின் பழைய கரப்பந்து அணிகளைச் சோகி, அதுதான் சோழி, குலுக்கிப் போட்டு மோதவிடுவார். ஒருநாள், கடலில் இறந்துபோன அவருடைய அண்ணர், எங்கள் பெரியையா, பந்தடிக்கும் முறை வந்தது. ஐயாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் போனதிலிருந்து மாதக்கணக்காக யாரோடும் கதைக்காமலிருந்த அவர் மனைவி, எங்கள் பெரியம்மா, தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு அடுப்படியிலிருந்து வந்தார்.

"இஞ்சை தாரும் தம்பி, அவருக்கு நான் போடுறன்."

போட்டார். விழுந்த சோகியின்படி பந்து வலையில் மாட்டிக்கொண்டது.

"உயிரோடை இருக்கேக்கையும் உப்பிடித்தான், வலைக்குத்தான் அடிப்பார் மனுசன்!" என்று பெரியம்மா சிரித்தார்.

வென்றது எந்த அணி என்று நினைவில்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.